பிரேக் பிடித்தது

ஹேண்டில்பாரை ஓட்டுகிறவனின் தோளுக்குத் தக்கபடி வைத்துவிட்டால் அவனுக்குப் பாதி அலுப்பு குறைந்துவிடும், ஐயா. நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை. பிரேக் லீவர் கொஞ்சம் மேலே ஏறியிருந்தால் மணிக்கட்டு வலிக்கும். கீழே இறங்கியிருந்தால் விரல் போய்ச் சேர நேரமாகும். சூலக்கரைப் பக்கம் பதினொரு வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ரத்தினசாமி கை வைத்த பிரேக் என்றால் சாத்தூர் வரைக்கும் தெரியும்.

அன்பரசன் என் மனைவி வேல்விழியின் தம்பி. தாய் தகப்பன் போன பிறகு அவள்தான் அவனை வளர்த்தாள். சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டினான். ஞாயிற்றுக்கிழமைகளில் பைக் பந்தயத்துக்குப் போவான். பந்தய வண்டி என்னுடையது. அவன் நல்ல பையன். அதை நான் மறைக்கவில்லை.

அவனுக்கு முன்னால் அந்த வண்டியை ஓட்டியவன் நான். 2001-ல் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு வேனைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையில் பட்டாசு மருந்து வெடித்தது. வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் போயின. அதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு பந்தயத்தில் எனக்கு முன்னால் போனவன் விழுந்து முதுகெலும்பு முறிந்தான். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்துக் கட்டுப் போட்ட கையைப் பார்த்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அது மயக்க ஊசியின் வேலையாக இருக்கலாம்.

அதன் பிறகு ஏன் ஓட்டுவதில்லை என்று யார் கேட்டாலும் கையைக் காட்டுவேன். "இத வச்சு எப்படிப் பிரேக் பிடிக்க?" என்பேன். கேட்டவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். ஐந்து வருடம் எனக்கு அந்த மரியாதை இருந்தது.

இந்த வருடம் மார்ச்சில் ஒரு பந்தயத்தில் அன்பரசன் முதலாவதாக வந்தான். மைக்கைக் கொடுத்தார்கள்.

"எல்லாம் எங்க மச்சான் கை வேலைங்க," என்றான். "டிஸ்க் பிரேக் போட்டதுல இருந்து நான் ஒத்த விரல்லதான் பிடிக்கேன். மிச்ச விரலெல்லாம் சும்மாதான் இருக்கு. மச்சானுக்கு அந்த ஒத்த விரல் இருக்குல்ல? அடுத்த வருசம் அவுகளே ஓட்டுவாக, பாருங்க."

கை தட்டினார்கள். டீக்கடை செல்லப்பாண்டி என் தோளில் தட்டி, "ஏலே ரத்தினம், ஒத்த விரல் போதுமாம்லே. அப்பொ இம்புட்டு நாளா ஏன்லே ஓட்டல?" என்று சிரித்தான். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

மறு வாரம் அன்பரசன் என் கைக்குத் தக்கபடி ஒரு லீவரை வெட்டி, ராவி, வழுவழுப்பாக்கிக் கொண்டுவந்தான். "மச்சான், இத மாட்டி ஒரு பத்தடி ஓட்டிப் பாருங்க. நான் கூடவே ஓடி வாரேன்," என்றான். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். மறுநாளும் கேட்டான். ஒர்க்‌ஷாப்பில் வாடிக்கைக்காரர்கள் நிற்கும்போதும் கேட்டான். இரண்டு மாதம். சிரித்த முகத்தோடு ஒருவன் தினமும் உங்களை ஊர் பார்க்க நிற்க வைத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் செய்ததைச் சொல்கிறேன்.

மே மாதம் ஆனைக்குட்டத்துக்குப் பக்கத்துப் பொட்டலில் பந்தயம். முந்தின நாள் அவன்தான் கேட்டான், "விரல் பட்டாலே பிடிக்கணும் மச்சான்," என்று. லீவருக்கும் அது தள்ளுகிற பிஸ்டனுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடம் விட வேண்டும். விட்டால்தான் பிடித்த பிரேக் முழுதாக விடும். நான் அந்த இடத்தை விடவில்லை. அப்படி வைத்தால் முதலில் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு தடவை பிடிக்கும்போதும் பிரேக் ஆயில் சூடாகும், உப்பும், திரும்பிப் போக வழி இருக்காது. கடைசியில் யாரும் லீவரைத் தொடாமலே முன்சக்கரம் இறுகும். கை தவறி நடந்துவிட்டது என்று இங்கே வருமுன் பார்த்த வக்கீல் சொல்லச் சொன்னார். என் கை தவறாது.

காலை பத்து மணிக்கு வரிசையில் நின்றபோது அவன் என்னைக் கூப்பிட்டான்.

"மச்சான், வண்டி லேசா இழுக்க மாதிரி இருக்கே?"

"புது பிரேக் பேடுலே. ரெண்டு சுத்து போனாச் சரியாயிரும்."

"நீங்க சொன்னாச் சரி," என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

முதல் சுற்றில் மூன்றாவதாக வந்தான். இரண்டாவது சுற்றில் முன்சக்கரத்திலிருந்து கருகிய வாடை வந்தது. கொடி பிடித்தவர் எனக்கு எட்டும் தூரத்தில்தான் நின்றார். ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்தியிருப்பார். நான் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது நன்றாகத்தான் இருந்தது. நான்காவது சுற்றில், வளைவில்கூட இல்லை, நேர்ப்பாதையில், சக்கரம் இறுகியது. அவன் ஹேண்டில்பாருக்கு மேலே போய் விழுந்தான். வேனில் ஏற்றும்போது அவன் தலையை என் மடியில்தான் வைத்திருந்தேன். விருதுநகர் வந்து சேருவதற்குள் போய்விட்டான்.

என்னை யாரும் சந்தேகப்படவில்லை. நானாகத்தான் வந்தேன். உங்கள் ஸ்டேஷன் அறிக்கையில் பிரேக் பிடிக்காததால் விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். ஊரிலும் அப்படித்தான் பேசுகிறார்கள். இரண்டு பேர் வண்டியை வேலைக்கு விட்டுவிட்டு, நான் கை வைக்கும் முன்பே திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். அதைப் பொறுக்க முடியாது.

நேற்று வேல்விழியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. என் கையைப் பார்த்தாள்.

"உங்களுக்குப் பயம்னு எனக்கு அப்பவே தெரியும்," என்றாள். "அவனுக்கும் தெரியும். 'ஒரு நா ஓட்டிட்டாகன்னாப் பயம் போயிரும் அக்கா, மச்சான் பழையபடி ஆயிருவாக'ன்னுதான் அந்த லீவரத் தூக்கிட்டு அலைஞ்சான். வெளிய ஒருத்தர்ட்ட சொல்லலயே அவன்."

ஐயா, பிரேக் பிடிக்கவில்லை என்பதை அடித்துவிடுங்கள். பிடித்தது, பிடிக்க வைத்தவன் ரத்தினசாமி, தெரிந்தே செய்தான் என்று எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். வேல்விழி சொன்னதை மட்டும் எழுத வேண்டாம். தம்பியைப் பறிகொடுத்தவள், எதையாவது சொல்வாள்.