லியோக்காதி பிடித்த கயிறு

மாலை ஆறு ஐம்பது. அக்டோபர் கடைசி. வால்ரோஷ் மதகுக்குக் கீழே கால்வாய் ஓரமாக ஒரு பாதை போகுமே... வீடு கிடையாது, விளக்கு கிடையாது, வரிசையாகப் பாப்ளார் மரங்கள் மட்டும். அந்த இடத்தில் ஒரே ஒரு விசைப்படகு. படகை உள்ளே விட்டுத் தண்ணீர் நிரப்பி மேல்மட்டக் கால்வாய்க்கு ஏற்றும் மதகு, ஏழு மணிக்கு மூடிவிடும். அதற்குள் மேலே ஏறிவிட வேண்டும் என்று முடுக்கிக்கொண்டு வருகிறான் கிஸ்லேன். என் அண்ணியின் தம்பி. டிஜோனில் பல் டாக்டர். ஊரார் வாயைத் திறந்து பார்த்தே பழகியவனுக்குத் தன் வாயை மூட மட்டும் தெரியாது.

படகு வாங்கிய அன்றே தங்க நூல் வைத்த தொப்பியும் வாங்கினான். நாலு சாண் ஆழக் கால்வாய்க்குக் கேப்டன் தொப்பி! சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவன். கயிற்றோடு ஓடுவது, வழுக்குவது, வசவு வாங்குவது எல்லாம் அவன் மனைவி ஆர்லெத்.

நம் படகுக்கார ஆட்களில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். மதகுத் தொட்டியில் தண்ணீர் இறங்கும்போது கயிற்றைக் கரையில் உள்ள இரும்பு முளையில் சுற்றி நுனியைக் கையில் பிடித்திருக்க வேண்டும். படகு இறங்க இறங்க விட்டுக்கொடுக்க வேண்டும். முடிச்சுப் போட்டால் தண்ணீர் மட்டும் இறங்கிவிடும், படகு தொங்கும்.

அதற்கு முந்தின வருடம் இதே வால்ரோஷில், இறங்கும்போது, இந்த மகாராஜா முடிச்சுப் போட்டுவிட்டு உள்ளே ஒயின் ஊற்றப் போய்விட்டார். படகு சாய்ந்தது. ஆர்லெத் கம்பியைப் பிடித்துத் தொங்கினாள். மதகுக்காரி லியோக்காதி கோடாலியோடு ஓடிவந்து கயிற்றை வெட்டினாள். விறைத்த கயிறு திரும்பி அடித்ததில் அவள் தொட்டிக்குள் விழுந்தாள்... சுவருக்கும் படகுக்கும் நடுவில்.

விசாரணையில் இவன் என்ன சொன்னான் தெரியுமா? "அந்தப் பொம்பள குடிச்சிருந்தா. அவளேதான் முடிச்சும் போட்டா." ஆர்லெத்தையும் மிரட்டிச் சாட்சிக் கையெழுத்து வாங்கினான். லியோக்காதியின் மகளுக்கு இழப்பீடாக ஒரு காசு வரவில்லை. மதகு வீட்டையும் அந்தக் கிறிஸ்துமஸுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இப்படி ஒரு பிறவி எங்கள் குடும்பத்தில் என்று சொல்லவே எனக்குக் கூசுகிறது.

"அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அதே வழியா வந்தானாம்?" என்கிறான் இங்கே கதை கேட்டுக்கொண்டிருக்கும் பஸ்தியான். தம்பி, வெட்கம் இருக்கிறவனுக்குத்தான் அந்தக் கேள்வி.

சரி. படகு தொட்டிக்குள் நுழைந்தது. மேலே ஏற வேண்டும் என்பதால் தொட்டியின் அடியில் நிற்கிறார்கள். இரண்டு பக்கமும் பாசி பிடித்த சுவர், மூன்று ஆள் உயரம். மேலே என்ன இருக்கிறது என்று தெரியாது. லியோக்காதி போனபின் அங்கே ஆள் கிடையாது, படகுக்காரர்களே அமுக்கும் பொத்தான்தான்.

"ஏணியில ஏறிக் கயித்த மாட்டு."

"முட்டி வலிக்குது, கிஸ்லேன்."

"அப்ப வீசித் தொலை! எதுலயாவது மாட்டும்."

ஆர்லெத் வீசினாள். கயிறு இருட்டுக்குள் போனது... கீழே விழவில்லை. யாரோ பிடித்தார்கள். முளையில் ஒரு சுற்று. பிறகு நுனி, பதமாக, அவள் கைக்கே திரும்பி வந்தது.

"பாத்தியா? ஆள் போட்டிருக்காங்க!" மேலே பார்த்துக் கத்தினான். "ஏய்! சீக்கிரம் தண்ணி விடு! குடிச்சிட்டுத் தூங்காத!"

பின்னால் கதவுகள் மூடிக்கொண்டன. பிறகு கைச்சக்கரம் சுற்றும் சத்தம். கடக்... கடக்... அந்தச் சக்கரத்தைக் கழற்றி அப்போதே பத்து மாதம் ஆகியிருந்தது.

தண்ணீர் வரவில்லை. சுவர் சொட்டுகிற சத்தம் மட்டும். நனைந்த கம்பளி வாசனை... கூடவே பச்சை வெங்காயம். லியோக்காதி உயிரோடு இருந்தவரை படகுக்காரர்களுக்கு வெங்காயம் விற்றவள்.

ஆர்லெத்தின் கையில் கயிறு மெல்ல இழுபட்டது. ஒரு முறை. நிறுத்தி... இன்னொரு முறை. பதில் கேட்கிற மாதிரி.

அவள் அழுதுவிட்டாள். "நீ குடிக்கல, லியோக்காதி. முடிச்சுப் போட்டது இவன். நான் பொய்ச் சாட்சிக்குக் கையெழுத்துப் போட்டேன். மாத்திச் சொல்லிடறேன்... உம் பொண்ணு வீடு போகாது."

அந்த நிமிடமே தண்ணீர் வந்தது. குழந்தையைத் தூக்குகிற மாதிரி படகை அலுங்காமல் தூக்கியது. மேலே வந்து பார்த்தால் கரையில் யாரும் இல்லை. முளையைச் சுற்றிக் கல் மட்டும் ஈரமாக இருந்தது.

ஆர்லெத் கரையில் கால் வைத்தாள். "நீயும் வந்து உண்மையச் சொல்லிடு, கிஸ்லேன். கெஞ்சிக் கேக்கறேன்."

"எவளோ செத்தவளுக்குப் பயந்து எம் பேர நான் கெடுத்துக்கவா? போடி, நடந்தே போ!"

படகை எடுத்துக்கொண்டு மேல்பக்கமாகப் போனான். அவள் நடந்தே போய்க் காவல் நிலையத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். அந்த மகள் இன்றைக்கும் அதே வீட்டில்தான் இருக்கிறாள்.

அவன்? வால்ரோஷிலிருந்து அடுத்த மதகு இரண்டு கிலோமீட்டர். ஏழு மணிக்கு இரண்டும் பூட்டியாகிவிட்டது. நடுவில் படகைக் கரையேற்ற வழி கிடையாது, லாரி வரச் சாலை கிடையாது. காலையில் பார்த்தால் பன்னிரண்டு மீட்டர் படகைக் காணவில்லை. ஓடிப்போயிருப்பான் என்றார்கள். படகோடு எந்த வழியாக ஓடுவான்?

மூன்றாம் நாள் அந்த இரண்டு கிலோமீட்டருக்கும் தண்ணீரை வடித்தார்கள். அண்ணி அழுதுகொண்டே நின்றாள், நானும் கூட நின்றேன். பழைய மிதிவண்டி ஒன்று, துள்ளுகிற கெண்டைகள், சேறு. படகு இல்லை. ஆனால் சேற்றின் நட்டநடுவே, படகின் அடி உழுத மாதிரி ஒரு கோடு... நேராகப் போய், அடுத்த மதகின் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுவிட்டது. கோட்டை ஒட்டியே கால் தடங்கள். வெறுங்கால், சின்னது, பெண்ணுடையது. விரல்கள் ஆழமாகப் பதிந்திருந்தன. குதிகால் எங்குமே பதியவில்லை. தோளில் கயிறு போட்டுப் பாரம் இழுக்கிறவர்கள் அப்படித்தான் நடப்பார்கள்.