மூச்சு வெளியே வராத பெட்டி

தேநீர் நன்றாக இருக்கிறது ஐயா, சர்க்கரைதான் ஒரு சிட்டிகை தூக்கல். எங்கள் கடையிலும் தேநீர் கொடுத்த பிறகுதான் விலை பேசுவோம். விசாரணையில் நீங்களும் அப்படித்தான் போலிருக்கிறது.

நான் பேக்கிங் ஆள். பீங்கானோ கண்ணாடியோ, கீறல் விழாமல் எல்லை தாண்டும். ஆட்களை அனுப்புவது பிறகு ஒட்டிக்கொண்ட தொழில். ஆள் பிடிப்பது அந்தப் பக்கத்துப் பெரியவர், பெட்டியில் ஏற்றி அடைப்பது நான். அவர் முகம் எனக்குத் தெரியாது. போனில் குரல் மட்டும்தான்.

எல்லைச் சோதனைச் சாவடியில் புதிதாக ஒரு கருவி கொண்டுவந்தீர்கள். லாரி இடுக்கில் குழாயை விட்டால், உள்ளே மனித மூச்சு இருக்கிறதா என்று காட்டிவிடும். ஒரு லோடு மாட்டியது. பெரியவர் கத்தவில்லை. "மூச்சு வெளிய வரக்கூடாது, பாத்துக்கோ" என்றார். பார்த்துக்கொண்டேன். இடுக்கு, ஆணித் துளை எல்லாவற்றையும் ரப்பரும் பசையும் வைத்து அடைத்தேன்.

அப்படி அடைத்த முதல் லோடில் என் மனைவியின் தம்பியும் இருந்தான். வெளிநாடு போனால்தான் உருப்படுவேன் என்று என் வாசலில் தவம் கிடந்தவன்.

"மாமா, இப்பவே புழுங்குதே."

"ஹோட்டல் ரூமா போட்டிருக்கேன் மாப்ளே, ஏசி கேக்க? சாவடி தாண்டினதும் டிரைவர் தொறந்துடுவார்."

எல்லோரும் சிரித்தார்கள். கதவை நானே அடைத்தேன்.

அன்று சாவடியில் வரிசை நகரவே இல்லை. சரக்குக்காரன் என்று நானும் லாரியோடு வெயிலில் நின்றேன். உள்ளேயிருந்து தட்டினார்கள். முதலில் பலர், பிறகு ஒருவர் மட்டும். என் வீட்டுக் கதவை அவன் தட்டுவானே, அதே மாதிரி: வேகமாக இரண்டு, நிதானமாக ஒன்று.

"என்னய்யா சத்தம்?" என்றார் உங்கள் அதிகாரி.

"தகரம் சார். வெயில்ல விரியுது."

"என் மண்டையே விரியுதுய்யா" என்று சிரித்தபடி குழாயை விட்டார். கருவி எதையும் காட்டவில்லை.

சொல்லியிருந்தால் எல்லோரும் பிடிபட்டிருப்பார்கள். அவன் ஆசையில் மண் விழுந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் தட்டலும் நின்றது.

அந்தப் பக்கம் போனதும் டிரைவர் கதவைத் திறந்தார். உங்கள் கருவி சொன்னது சரிதான் ஐயா. உள்ளே யாருக்கும் மூச்சு இல்லை.

மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "தட்டினானாங்க?"

"இல்லம்மா. தூக்கத்துலயே போயிட்டான்."

அவளை விசாரிக்கும்போது நீங்களும் அப்படியே சொல்லிவிடுங்கள். ஒருவர் மனதை நோகடிக்க எனக்கு எப்போதுமே மனம் வராது.