மாயக்காளின் கையெழுத்து

— பொறு, பொறு. மணி பன்னெண்டாச்சுடி கௌசல்யா. ஆறு மணிக்கு வக்கீலம்மா காரு வந்து நிக்கும். செத்த நேரமாச்சும் நா கண்ண மூட வேணாமா?

— மூடாதம்மா. நாளைக்கு ஜட்ஜையா ஒன்ட்ட என்ன கேப்பாரு? திருப்பிச் சொல்லு.

— மதுர கோர்ட்டுல நிக்கப் போறவ நானு, ஒனக்கு எதுக்குடி இம்புட்டுத் தவிப்பு?

— சொல்லும்மா.

— எம்புட்டு வாட்டி சொல்றது! நம்ம கொளத்துத் தண்ணிய டவுனுக்குக் கொழாய் போட்டு எடுக்க ஊராட்சி சம்மதிச்சிருச்சுன்னு கவர்மெண்டு ஒரு தீர்மானத்தக் காட்டுது. வெவசாயிக சங்கத்துக்காரங்க அதுமேல கேசு போட்ருக்காக. கலெக்டர் ஆபீசு, ஒன்றியம், ஊராட்சி மூணும் ஒக்காந்து பேசாம தண்ணிய எடுக்கப்படாதுன்னு ரோசலின் வக்கீலம்மா வாதாடுறாக. அதான் ஊராட்சித் தலைவி என்னயக் கூட்டியான்னுட்டாரு ஜட்ஜு. வெள்ளத்தாளக் குடுப்பாரு, கையெழுத்துப் போட்டுக் காட்டுவேன். என் எழுத்து கோழி கெளறுன மாதிரி இருக்கும். தீர்மானத்துல இருக்குறது எனதில்லன்னு அதுலயே தெரிஞ்சிரும்.

— அப்ப யாரு போட்டாங்கன்னு தேடுவாங்கல்ல?

— தேடட்டும். போட்டவன் கை அழுகிப் போகட்டும்.

— அப்பிடிச் சொல்லாதம்மா!

— ஏன், ஒனக்கென்ன அவன் மேல எரக்கம்?

— நாந்தாம்மா போட்டேன்.

— எந்நேரத்துல வெளையாடுறதுன்னு இல்லையாடி?

— வக்கீலம்மா ஒம் போனுக்கு அந்தத் தீர்மானத்த அனுப்பிருந்தாக. சாயங்காலந்தான் பெருசாக்கிப் பாத்தேன். பேருக்கு அடியில வளச்சு ஒரு கோடு இழுத்துருக்கு. அப்பிடி நாந்தான் இழுப்பேன்.

— ஐயோ. எப்பிடி?

— பங்குனியில, மல்லி கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சுல்ல. நீ தோட்டத்துல இருந்த. எழுத்தர் சோலைமுத்து மாமா ஒரு கட்டு பேப்பரக் கொண்டாந்தாரு. தெருலைட்டு, பிளீச்சிங் பவுடரு, மோட்டார் ரிப்பேருன்னாரு. ஒனக்குப் போன் பண்ணேன். நீ என்ன சொன்ன?

— மடி நெறையப் பூவு, நீயே போட்டு விட்ரு பாப்பான்னேன்.

— எப்பவும் அதான சொல்லுவ. நா எட்டாப்புப் படிக்கைல இருந்து. மறுநா கெமிஸ்ட்ரி பரீச்ச. வாசிக்கவே இல்லம்மா, வரிசையாப் போட்டு விட்டேன்.

— அந்தச் சோலைமுத்து வேணும்னே செருகிட்டானாடி?

— தெரியல. அவரும் வாசிச்சிருக்க மாட்டாருன்னுதான் தோணுது. மேல இருந்து வந்தத அப்பிடியே தூக்கியாந்துட்டாரு.

— ஒருத்தருமே வாசிக்கல. ஒரு கொளமே போகப் போகுது.

— ம்மா, போன்ல தேடிப் பாத்தேன். கள்ளக் கையெழுத்துக்கு ஏழு வருசமாம். என்னயப் பிடிச்சுட்டுப் போயிருவாங்களா? நர்சிங் சீட்டெல்லாம் போச்சுல்ல?

— வாய மூடு. ஒனக்குப் பதினேழுதான் ஆகுது.

— பதினேழுன்னா விட்ருவாங்களா?

— எனக்கென்னடி தெரியும்? நா என்ன வக்கீலா?

— வக்கீலம்மாட்டச் சொல்லிருவோமா?

— அவுக சங்கத்துக்கு வக்கீலு. ஒனக்கில்ல. இத வேற யாருட்டயாச்சும் சொன்னியா? அப்பாட்ட?

— ஒன்ட்டத்தான் மொத.

— சொல்லாத. ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது.

— நானும் நாளைக்கு வாரேம்மா. ஜட்ஜையாட்ட நானே சொல்லிர்றேன். எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா கொளம் தப்பிச்சிரும்ல?

— தப்பிச்சிரும்.

— அப்பப் போவோம்மா.

— நூத்தம்பது கெணறுடி. அந்தக் கொளம் வத்துனா அம்புட்டும் வத்திப் போகும். நம்ம தோட்டமுந்தான். பொம்பளைக கரையில குத்த வச்சு ஒக்காந்து, மாயக்கா, நீ பாத்துக்குவன்னு எங்கையப் பிடிச்சாக. நேத்துக்கூடப் பிடிச்சாக.

— அதான் சொல்றேன், நா வாரேன்னு.

— எட்டாப்புப் புள்ள கையில பேனாவக் குடுத்தது யாரு? நானா நீயா?

— அழுவாதம்மா.

— அழுவல. இத்தன வருசத்துல நா போட்ட கையெழுத்து எங்கயாச்சும் இருக்கா? பேங்குல?

— பேங்குல இருந்து ஃபாரம் குடுத்து விட்டாக, அதுலயும் நாந்தான். எல்லாத்துலயும் நாந்தான்.

— அப்ப எல்லாம் ஒண்ணு போலத்தான இருக்கும்?

— அச்சடிச்ச மாதிரி இருக்கும்.

— மாறி இருக்கப் போறது நாளைக்கு நா போடுறது மட்டுந்தான்.

— ஆமா. அதுக்கென்னம்மா? ஏம்மா அப்பிடிப் பாக்குற?

— ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துட்டு வந்து எம் பக்கத்துல ஒக்காரு. கொளம் போனா ஊரு என்னயத்தான காறித் துப்பப் போகுது, துப்பட்டும். விடியுறதுக்குள்ள அந்தக் கையெழுத்த எனக்குப் போடச் சொல்லிக் குடு.