நான்காவது ஆள்

தாவும் கள்ளியின் முள்ளுருண்டை காலில் ஒட்டிக்கொண்டால் கையால் பிடுங்கக்கூடாது. கையிலும் ஏறிக்கொள்ளும். சீப்பை நடுவில் விட்டு ஒரே நெம்பாக நெம்பிவிட வேண்டும். என்னை அழைத்துப்போக மலையேறி வந்த உங்கள் காவலருக்கு அப்படித்தான் எடுத்துவிட்டேன். சீப்பு இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. அவசரமில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன், மேடம். என் பெயர் லோவெல் பிராண்ட்வோல்ட். வயது அறுபத்தாறு. நில அளவையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டுவைட் பெல்க்நாப்பும் நானும் பத்தொன்பது வருடமாக ஹாம் ரேடியோக்காரர்கள். ரேடியோவை முதுகில் சுமந்துகொண்டு ஆளில்லாத மலையுச்சிக்குப் போய், கம்பம் நட்டு, கம்பி கட்டி, முகம் தெரியாதவர்களோடு பேசுவது எங்கள் பொழுதுபோக்கு. என் மனைவி இதைப் பைத்தியக்காரத்தனம் என்பாள். ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். இதுதான் காரணமா என்று நான் கேட்கவில்லை. அன்று ஏற வேண்டிய மலை ஒன்று இருந்தது.

இதற்கெல்லாம் விதி உண்டு. உச்சியிலிருந்து நான்கு பேரோடாவது பேசினால்தான் அந்த மலை கணக்கில் சேரும். மூன்று பேர் என்றால் சும்மா நடந்துவிட்டு வந்ததாகத்தான் அர்த்தம். உச்சிக்குக் கீழே எண்பத்திரண்டு அடி வரை உச்சியாகவே கொள்ளப்படும். அந்த எல்லைக்குள் இருக்கும் இரண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொண்டால் செல்லாது. நியாயமான விதிதான். இல்லாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே ஏமாற்றிவிடுவார்கள்.

மூன்று நாளைக்கு முன் நாங்கள் ஏறிய மலைக்குப் பெயர் கிடையாது. வரைபடத்தில் வெறும் உயரம்தான். அங்கிருந்து இதுவரை யாரும் பேசியதில்லை. அதைக் கண்டுபிடித்தவன் டுவைட். பட்டியலில் முதல் பெயர் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் துணைக்குத்தான் போனேன். இதை மறைக்க விரும்பவில்லை.

காலை பத்தரை மணிக்கு, உச்சியை நெருங்கும்போது, அவன் காலடியில் கல் புரண்டது. சறுக்கி விழுந்தான். முழங்காலுக்குக் கீழே கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. ஒரு பாறையின் நிழலுக்கு இழுத்துப் படுக்கவைத்தேன்.

“மேல போய் ரேடியோல யாரையாச்சும் கூப்பிடுய்யா,” என்றான். “இங்க போன் செத்துக் கெடக்கு.”

நல்ல யோசனை. அவன் பையிலிருந்து பேட்டரியையும் கம்பத்தையும் எடுத்துக்கொண்டேன். அரை பாட்டில் தண்ணீரை அவன் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தேன். நான் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல.

ஒன்றரை மணி நேரத்தில் மூன்று பேர் கிடைத்தார்கள். கலிஃபோர்னியாவில் ஒரு பல் மருத்துவர், ஐடஹோவில் ஒரு பேருந்து ஓட்டுநர், யூட்டாவில் ஒரு பாதிரியார். அவர்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். ஆபத்து என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அலைவரிசை முழுக்க அதற்கே போய்விடும். பிறகு யாரும் இயல்பாகப் பேசமாட்டார்கள். மூன்றோடு நின்றுபோகும். ஒரு காலுக்காக டுவைட்டின் நான்கு மாத ஆசையை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை. அவனால் முடியாததை அவன் சார்பில் செய்தேன். பட்டியலில் என் பெயர் ஏறும் என்பது வேறு விஷயம்.

இடுப்பில் இருந்த கைரேடியோ கரகரத்தது. எங்களுக்குள் பேசிக்கொள்ள ஆளுக்கொன்று வைத்திருப்போம், தூரம் எட்டாது. டுவைட்தான்.

“யாராச்சும் கெடைச்சாங்களா?”

“மூணு பேரு.”

“அப்பாடா. ஹெலிகாப்டர் எப்ப வருதாம்?”

“அத இன்னும் சொல்லல. இன்னும் ஒரு ஆளு வேணும்ல?”



“பின்ன மூணு பேர்கிட்ட என்னதான்யா பேசின?”

“பல் டாக்டரு வெயில் எப்படின்னு கேட்டாரு. நல்லா காயுதுன்னேன்.”

“நீ நல்லா இருப்பய்யா,” என்றான். அவன் குணம் அப்படி, எதையும் கிண்டலாகத்தான் சொல்வான்.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. அவனிடமும் ரேடியோ இருக்கிறது, உரிமம் இருக்கிறது. எட்டிப் பார்த்து அவன் கிடந்த உயரத்தைக் கணக்கிட்டேன். உச்சியிலிருந்து அறுபத்தைந்து அடி கீழே கிடந்தான். எல்லைக்குள்.

“டுவைட், ஒரு இருபதடி கீழ எறங்கினா நீயே என் நாலாவது ஆளு.”

“கால் ஒடிஞ்சு கெடக்கேன்டா, பாவி.”

“தவழ்ந்து போயேன்.”

“கீழ பொட்டு நெழலு இல்ல.”

“அஞ்சு நிமிஷ வேலை. முடிஞ்சதும் கூப்பிட்டுடறேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

நாற்பது நிமிடம் ஆனது. கற்கள் உருளும் சத்தம் மேலே வரை கேட்டது. அவன் சத்தமும் கேட்டது. நான் அவசரப்படுத்தவில்லை. நடுவில் ஒருமுறை, வந்துவிட்டேன் என்று பொய் சொன்னான். எட்டிப் பார்த்து, இன்னும் ஆறடி இருக்கிறது என்றேன். நில அளவைக்காரனிடம் அதெல்லாம் நடக்காது.

விதிப்படி, இரண்டு பேரும் எதிராளியின் குரல் எப்படிக் கேட்கிறது என்று மதிப்பெண் தர வேண்டும். தெளிவுக்கு ஐந்து வரை, வலுவுக்கு ஒன்பது வரை. அவன் எனக்கு ஐந்து, ஒன்பது தந்தான். நானும் அவனுக்கு அதையே தந்தேன். மணி ஒன்று பதினெட்டு. குறித்துக்கொண்டேன்.

உடனே உதவிக்கு அழைத்திருக்கலாம்தான். ஆனால் பல் மருத்துவர் எங்கள் இணையப் பக்கத்தில் விஷயத்தைப் போட்டுவிட்டார். புது மலை என்றதும் ஈ மொய்ப்பதுபோல மொய்த்துவிட்டார்கள். காத்திருப்பவர்களை நடுவில் விட்டுப் போவது எங்களுக்குள் பெரிய மரியாதைக்குறைவு. ஜப்பானில் ஒருவர் விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்திருந்தார். மொத்தம் முப்பத்தொரு பேர். கைரேடியோ ஓயாமல் இடைஞ்சல் செய்ததால் அணைத்துவைத்தேன். எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, இரண்டு ஐம்பதுக்கு முறைப்படி உதவி கேட்டேன். கடைசியாகப் பேசிக்கொண்டிருந்த பெண்மணி அழுதுவிட்டார்.

“இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?” என்றார். விதி தெரியாதவர் போலிருக்கிறது.

ஹெலிகாப்டர் வந்தபோது டுவைட் வெயிலில் இறந்துகிடந்தான். தண்ணீர் பாட்டில் பாறையடியிலேயே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு தவழ்ந்திருக்க வேண்டும். அவன் கவனக்குறைவுக்கு நான் பொறுப்பேற்க முடியாது.

கொன்றதாக எழுதி என் முன்னால் நீட்டுகிறீர்கள். அது சரியான வார்த்தை இல்லை. ஆனால் ஒரு தப்பு செய்தேன், மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. டுவைட் நான்காவது ஆளாகப் பேசியதில் பாதி புரியவே இல்லை. நாக்கு வறண்டு குழறியது. தெளிவுக்கு இரண்டுதான் தந்திருக்க வேண்டும். நண்பனாயிற்றே என்று ஐந்து போட்டுவிட்டேன். அது பொய்க் கணக்கு, மேடம். அதை எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.