பிரின்சிபால்தான் சூப்பர்வைசர்

விதிப்படி, இளம் பிள்ளைகளுக்கான மனநல ஆலோசகர் தனக்குப் பிடிபடாத விஷயங்களை ‘சூப்பர்வைசர்’ எனப்படும் ஒரு மூத்த ஆலோசகரிடம் தனியறையில் பேசித் தெளிய வேண்டும். அக்ரஹாரம் நிறுத்தத்தில் ஏறிய ஒரு பள்ளி ஆலோசகர், நெரிசலான பேருந்தில் என் முன் இருக்கையில் அமர்ந்து, தோழியிடம் கன்னடம் கலந்த தமிழில் பொரிந்து தள்ளினார்.

“எனக்கு சூப்பர்வைசர் யார் தெரியுமா? எங்க பிரின்சிபால்!”

“அவருக்குக் கவுன்சலிங் தெரியுமா?”

“கெமிஸ்ட்ரி தெரியும். அதுகூடப் போகட்டும். ஒரு பொண்ணு, அப்பா வீட்டுல இருந்தாலே சோறு எறங்கலேங்கறா. அந்த அப்பாவே அவர்தான் கணே!”

“ஹௌதா? அப்படியா? அவர்கிட்டயே போய் இதைச் சொல்லணுமா? வேற ஆள் கேளேன்.”

“அப்பவே ஸ்கூலை நடத்தற டிரஸ்டுக்கு எழுதிக் கேட்டேன். ‘பரிசீலிக்கிறோம்’னு ஒரு வரி பதில் வந்துது.”

“எப்போ?”

“அவர் அந்தப் பொண்ணைக் குண்டலுபேட்டை ஹாஸ்டல்ல கொண்டுபோய் விட்ட அன்னிக்கு.”