சரயேவோவுக்குப் போன பதில்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மதிப்பார்ந்த இரத்தினசிங்கம் அவர்களே, இந்த மன்றத்தைத் தம் தோளில் தாங்கி நிற்கும் மூத்தோரே, வீட்டில் அடுப்பும் வேலைத்தலத்தில் இயந்திரமுமாக இரு வெக்கையில் வெந்தும் பிள்ளைகளின் வாயில் தமிழை வாடவிடாத தாய்மாரே, தகனினியிலிருந்தும் புக்கெகோஹியிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வை ஒதுக்கிவைத்து வந்திருக்கும் உழைப்பாளர்களே, கடைசி வரிசையில் ஆங்கிலத்தில் கிசுகிசுத்துக்கொண்டிருக்கும் எங்கள் வருங்காலமே! உங்கள் ஒவ்வொருவரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

"சில்வெஸ்ரர் பேசினால் மண்டபமே அதிரும்" என்று தலைவர் அறிமுகம் செய்தார். உண்மைதான். மன்னாரில் பேசியிருக்கிறேன், முருங்கனில் பேசியிருக்கிறேன், கடல் கடந்து இந்த ஓக்லாந்திலும் ஓயாமல் பேசியிருக்கிறேன். இந்த நாக்கு என்ன செய்யக்கூடியது என்பதை இன்று சொல்லப்போகிறேன். பெருமைக்காக அல்ல. இரண்டரை வருடமாக என் நெஞ்சில் நெருஞ்சியாகக் குத்திக்கொண்டிருப்பதை இறக்கிவைப்பதற்காக.

புக்கெகோஹியில் வெங்காயம் பொதிசெய்யும் கொட்டகையில் எனக்கு வேலை. என்னோடு, வெங்காயம் ஓடிவரும் ஒரே பட்டியில் நின்று நல்லது கெட்டது தெரிந்தெடுத்தவள் நெர்மினா. பொஸ்னியாவிலிருந்து அகதியாக வந்தவள். உங்களுக்குத் தெரியும், பொஸ்னியா புதிதாகப் பிறந்த நாடு. பிறந்த கையோடு போர். உலகம் அங்கீகாரம் கொடுத்தது, கொடி கொடுத்தது, ஐ.நா. சபையில் கதிரை கொடுத்தது. காப்பாற்ற வந்ததா? இல்லை. ஆயுதம் வாங்கவும் விடாமல் தடையைத் தூக்காமலே வைத்திருந்தது.

நெர்மினாவின் அண்ணன் பெயர் செனாத். பள்ளிக்கூட வாத்தியார். அந்நாட்டு நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர். மனைவியோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் முற்றுகைக்குள் இருந்த சரயேவோ நகரில் மாட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் பிறந்த ஊர் திரினா ஆற்றங்கரையில். ஊரார் எல்லோரும் துரத்தப்பட்டிருந்தார்கள்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு செப்ரெம்பர். நாட்டை மூன்றாகக் கூறுபோடும் சமாதானத் திட்டம் ஒன்றை நடுவர்கள் நீட்டினார்கள். கடலில் நின்ற போர்க்கப்பலில் வைத்துப் பேச்சு நடந்தது. அவகாசம் கொடுத்தார்களா? கருத்துக் கேட்டார்களா? அழுத்தினார்கள்! "இதுதான் கடைசி வாய்ப்பு" என்றது ஒரு தலைநகரம். "குளிர்காலம் வருகிறது, யோசித்துக்கொள்" என்றது இன்னொரு தலைநகரம். பசித்தவன் முன்னால் ஒருகையால் பாண் ரொட்டியைக் காட்டி, மறுகையால் பத்திரத்தைக் காட்டுவதற்குப் பெயர் சமாதானமா? செனாத்தின் ஊர் அந்த வரைபடத்தில் துரத்தியவர்களின் பக்கம் போயிற்று.

நாடாளுமன்றம் கூடி முடிவெடுக்க வேண்டும். அதற்கு நாலு நாளுக்கு முன் செனாத்திடமிருந்து நெர்மினாவுக்குச் செய்தி வந்தது. தொலைபேசி இல்லை, தபால் இல்லை. தனியாட்கள் வீட்டில் வைத்துப் பேசும் ஹாம் ரேடியோ மட்டும். சரயேவோவில் ஒருவர் பேச, அயல்நாட்டுச் சாக்ரெப்பில் ஒருவர் வாங்கிக் கொடுக்க, இங்கே பாபடோயிட்டோயில் ஓய்வுபெற்ற தபாற்காரர் ஒருவர் எழுதியெடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். "திங்கட்கிழமை வாக்கெடுப்பு. ஒப்புக்கொண்டால் ஊர் போய்விடும். மறுத்தால் இன்னொரு குளிர்காலம். நீ என்ன சொல்கிறாய்?"

மதியச் சாப்பாட்டு நேரம் அந்தத் துண்டை என்னிடம் நீட்டினாள். வானொலிக்காரருக்காகப் பதிலையும் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தாள். இருபத்தைந்து சொல்லுக்கு மேல் அனுப்ப முடியாது. "அண்ணா, உனக்குச் சரி என்று பட்டதைச் செய். ஊரை விட நீ பெரிது. உயிரோடு இரு." இவ்வளவுதான்.

"சில்வெஸ்ரர், உங்கள் நாட்டிலும் போர். நீங்கள் என்றால் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டாள்.

கேட்டது ஒரு தங்கை. பதில் சொன்னது தம்பியா, தமையனா? இல்லை, தாய்மாரே! பதில் சொன்னது ஒரு பேச்சாளன். வெங்காயப் பெட்டிகளுக்கு நடுவே எனக்கு ஒரு மேடை முளைத்துவிட்டது. மண்ணைப் பற்றிப் பேசினேன். மானத்தைப் பற்றிப் பேசினேன். வரலாறு மன்னிக்காது என்றேன். கொட்டகையில் வேலை செய்தவர்கள் எல்லாம் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கேட்டார்கள். எனக்கு வெறி ஏறிற்று. அவள் கையிலிருந்த பென்சிலை வாங்கி, "உயிரோடு இரு" என்ற வரியோடு முழுப் பதிலையும் நானே வெட்டினேன். "இது பயந்தவர்களின் பதில்" என்றேன். அதற்குப் பதிலாக எழுதினேன்: "ஒப்புக்கொள்ளாதே. பிறந்த மண்ணைக் கொடுத்து வாங்கும் சமாதானம் அடிமைச்சீட்டு. நாங்கள் எல்லோரும் உன்னோடு நிற்கிறோம்."

உன்னோடு நிற்கிறோமாம்! எங்கே நின்றேன்? பன்னிரண்டாயிரம் மைலுக்கு அப்பால், கூரைக்குக் கீழே, சோற்றுப் பெட்டியோடு நின்றேன்.

அந்தச் செய்தி போயிற்று. செனாத் மறுத்து வாக்களித்தார். அவையும், பறித்த நிலத்தைத் திருப்பித் தந்தால்தான் சம்மதம் என்று நிபந்தனை போட்டது. நடுவர்கள் அதை மறுப்பென்று எடுத்துக்கொண்டு எழும்பிப் போனார்கள். போர் தொடர்ந்தது. குளிர்காலம் வந்தது. ஜனவரியில் ஒரு காலை, தண்ணீர் எடுக்க வரிசையில் நின்றவர்கள் மேல் ஷெல் விழுந்தது. இரண்டு கையிலும் தண்ணீர்க் கானோடு செனாத் அந்த இடத்திலேயே இறந்துபோனார்.

அந்தச் செய்தியையும் அதே தபாற்காரர்தான் கொண்டுவந்தார். மறுநாள் நெர்மினா வேலைக்கு வந்தாள். வெங்காயம் தெரிந்தெடுத்தாள். வெங்காயத்தைக் காரணம் காட்டி அழக்கூடிய இடம் அது. அவள் அழவில்லை.

வீட்டுக்குப் போய் என் மனைவி சறோஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவ சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தா. "உங்கட தம்பி மன்னாரில இருந்து கேட்டிருந்தா, அந்த வரிய வெட்டியிருப்பியளோ?" எண்டா.

பதினைந்து வருடம் மேடையில் நின்றவன், எழும்பிப் போய்ச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவினேன்.

ஏன் தம்பி யசீகரன் எழும்புறீர்? கேளும், கேளும். "அப்ப தாறதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கச் சொல்லுறீங்களோ?" என்று கேட்கிறார். இல்லை, தம்பி. அந்தத் திட்டம் அநியாயம். அன்றும் அநியாயம் என்றேன், இன்றும் அநியாயம் என்கிறேன். செனாத் மறுத்தது பிழை என்று சொல்ல எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. ஒப்புக்கொண்டிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? யாருக்குத் தெரியும்? இரும், தம்பி. கதை இன்னும் முடியவில்லை.

போன டிசம்பரில் பொஸ்னியாவுக்கான சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. பத்திரிகையில் வரைபடம் வந்தது. நெர்மினா அதை மேசையில் விரித்து, திரினா ஆற்றின் மேல் விரலை வைத்தாள். அவர்களுடைய ஊர் மறுபக்கம்தான் போயிருந்தது. அப்போதுதான் முதல்முறையாக அந்தப் பதிலைப் பற்றிப் பேசினாள்.

"நான் உங்களைக் குற்றம் சொல்லவில்லை, சில்வெஸ்ரர். பென்சிலைக் கொடுத்தது நான். என் அண்ணன் தன் புத்தியால்தான் வாக்களித்திருப்பார். ஆனால் என்னிடமிருந்து அவருக்குக் கடைசியாகப் போனது என்னுடைய சொல் இல்லை. உங்களுடைய சொல். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை."

அன்பு நெஞ்சங்களே! கப்பலில் இருந்தவன் "ஒப்புக்கொள்" என்று அழுத்தினான். கொட்டகையில் இருந்தவன் "ஒப்புக்கொள்ளாதே" என்று அழுத்தினான். இரண்டு பேருமே தண்ணீர் வரிசையில் நிற்கவில்லை. இரண்டு பேருமே அந்த மனிதனிடம், "உன் வீட்டில் மா இருக்கிறதா? உன் பிள்ளைகள் எங்கே படுக்கிறார்கள்?" என்று கேட்கவில்லை. வல்லரசுக்கு மட்டும்தானா நிர்ப்பந்திக்கத் தெரியும்? பாசத்துக்கும் தெரியும்! பாதுகாப்பான தூரத்தில் நிற்கும் பாசத்துக்கு நன்றாகவே தெரியும்!

ஓம், தலைவரே, நேரமாகிறது. விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று ஒரு தீர்மானத்தை வழிமொழியும்படி என்னிடம் தந்திருக்கிறீர்கள். இராணுவம் முன்னேற, யாழ்ப்பாணம் ஒரே இரவில் வெறுமையாகி மூன்று மாதம். எங்கள் உறவுகள் வன்னி வரை மரத்தடியிலும் பாடசாலை விறாந்தையிலும் கிடக்கிறார்கள். கொழும்பில் ஓர் அரசியல் தீர்வுப் பொதி பேசப்படுகிறது. "அங்குள்ள மக்கள் எதையும் ஏற்கக்கூடாது என அறிவுறுத்துகிறோம்" என்று இதில் எழுதியிருக்கிறது. "எதையாவது ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தாலும் என் பதில் ஒன்றுதான். இதை நான் வழிமொழிய மாட்டேன்.

சத்தம் போடுங்கள், பரவாயில்லை. திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் பேசாமல் இருக்கச் சொல்லவில்லை. உரத்துப் பேசுவோம்! மருந்துக்கும் மாவுக்கும் வழியைத் திற என்று பேசுவோம். பட்டினியைக் காட்டிப் பணியவைக்காதே என்று பேசுவோம். தப்பி வருபவனுக்கு விசா கொடு என்று இந்த நாட்டு அமைச்சரின் வாசலில் போய் நின்று பேசுவோம். அதிகாரத்தில் இருப்பவனைப் பார்த்து அறிவுறுத்துவோம். ஷெல்லுக்குக் கீழே இருப்பவனுக்கு அறிவுறுத்த நாங்கள் யார்?

உங்களில் பலருடைய வீடுகளில் வன்னியிலிருந்து வந்த கடிதங்கள் பதிலில்லாமல் கிடக்கின்றன. இன்று போய் எழுதுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று எழுதாதீர்கள். "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டு எழுதுங்கள். உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

கசப்பைப் பொறுமையாகக் கேட்டிருந்த அவைக்கும், இடைமறித்துக் கேட்ட யசீகரனுக்கும், நேரத்தை நீட்டித் தந்த தலைவருக்கும் தலைசாய்த்து நன்றி சொல்லி அமர்கிறேன். வணக்கம்.