வாய்க்கு ஒரு மடக்கு

நல்ல வளர்ப்புதான் தம்பி, யாரு இல்லேன்னா? பாப்பா ஒரு பிஸ்கட்டை எவ்வளவு நிதானமாக் கடிக்குது, மென்னு மென்னு கூழாக்கி, மேல ஒரு மடக்கு தண்ணி. வீட்ல அம்மா பழக்கினதா? ஓ, நீங்களேதானா. சரிதான்.

எங்க வீட்லயும் இப்படி ஒரு மரியாதைக்காரர் உண்டு. இதோ ஜன்னலோரமா என்னை முறைச்சுக்கிட்டு உக்காந்திருக்காரே, பேரன், மக வயித்துப் பேரன். காலையிலேருந்து பச்சத்தண்ணி குடுக்கல, அந்தக் கோவம். ஏன்னா, சொல்றேன் இருங்க. சிக்னல்ல நிக்கற பஸ் எங்க ஓடிடப்போகுது.

என் சம்பந்தி ரிட்டயர்டு தலைமையாசிரியர். ரிட்டயரானது அவருக்கு மட்டும்தான் இன்னும் தெரியாது. இவன் சாப்பிடற அழகுல மனுஷன் சொக்கிப்போயிட்டாரு. விருந்தாளி வந்தா நாற்காலி போட்டு உக்காரவெச்சு, பாருங்க, இதுதான் எங்க வம்சத்து ஒழுக்கம்னு வேடிக்கை காட்டுவாரு. மத்த பேரப்பிள்ளைங்களும் இதே மாதிரி வாய்க்கு வாய் தண்ணி குடிக்கணுமாம். அதுங்க குடிச்ச குடியில தெருக்குழாயே வத்திப்போச்சு. சிரிக்காதீங்க, வேணும்னா வந்து திருகிப் பாருங்க.

அப்பப்போ இவனுக்குத் தின்னது அப்படியே மேல வந்துடும். அது திமிராம், என் பொண்ணு குடுத்த செல்லமாம். டாக்டரா? போனோமே. பசிக்கு டானிக் எழுதினாரு ஒருத்தரு. பசி நல்லாவே வந்துச்சு. சோறுதான் இறங்கல.

அப்புறம் ஒரு டாக்டரம்மா. பாலு, கஞ்சின்னா போகுதா, கெட்டியாக் குடுத்தா நிக்குதான்னு கேட்டாங்க. அவ்வளவுதான் கேள்வி. சுண்ணாம்பு கரைச்ச மாதிரி ஒரு வெள்ளை மருந்தைக் குடிக்கவெச்சு, அது இறங்கறதை எக்ஸ்ரேல காட்டினாங்க. மேல அகலமா வருது, நெஞ்சுக்கிட்ட வந்ததும் நூலாட்டம் ஆயிடுது. உணவுக்குழாய் அந்த எடத்துல பிறவியிலேயே சுருக்கம். பால் குடிச்ச வரைக்கும் தெரியல. ஒழுக்கமாவது ஒண்ணாவது, பய தண்ணி ஊத்தி ஊத்தி உள்ள தள்ளியிருக்கான்.

எங்க வம்சத்துல தொண்டைக்குக் குறைச்சலே கிடையாதுன்னு சம்பந்தி சண்டைக்கே போனாரு. அதுல பொய்யில்ல. அவரு கொட்டாவி விட்டா எதிர்ல வர்ற லாரி ஒதுங்கி வழிவிடும்.

வைத்தியமா? மயக்கம் குடுத்து, கேமரா வெச்ச குழாயை வாய்வழியா விட்டு, இடுக்கான எடத்துல ஒரு குட்டி பலூனை ஊதி அகலமாக்கறாங்க. பலூன்னதும் யாருக்குப் பிறந்தநாள்னு கேட்டாரு பெரிய மனுஷன். ஒரேயடியா ஊதினா கிழிஞ்சிடுமாம், அதனால கொஞ்சம் கொஞ்சமா, விட்டு விட்டு. இன்னிக்கும் அதுக்குத்தான் போறோம், வெறும் வயித்தோட.

போன தடவைக்கு அப்புறம் ஒரு முழு ரொட்டியைத் தண்ணி தொடாமத் தின்னான். என் பொண்ணு சமையக்கட்டுல போய் நின்னு அழுதா. பய ஒழுக்கம் கெட்டுப்போச்சேன்னு சம்பந்திக்குத்தான் மனசு ஆறல.

நீங்க எங்க இறங்கணும்? கடைவீதியா. ஆஸ்பத்திரி அதுக்கு அடுத்த ஸ்டாப்புதான். இல்ல, நான் டாக்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாங்க ஏறினப்போ பின்னாடி சீட்டெல்லாம் காலியாத்தான் கெடந்துச்சு. தாத்தா, அந்தப் பாப்பாவும் தண்ணி ஊத்தித் தள்ளுது பாருன்னு இவன்தான் என் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து இங்க உக்காரவெச்சான்.

பாருங்க, பாட்டில் காலி. பிஸ்கட் இன்னும் பாதி கையிலேயே இருக்கு.